வெள்ளோட்டமும் அறிவிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இணையத்தளக் குழுவினர் நிகழ்த்திய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் இம்மேடையில் சிறுவர் நாடகம் நடைபெற இருக்கின்றது. ஒப்பனை செய்துகொண்டு திரைக்குப் பின்னே நிற்கும் குழந்தைகளை நெடுநேரம் காக்கவைத்தல் தகாது என்று செயலாளர் எங்களிடம் இருமுறை கூறிவிட்டார். ஆயினும், சங்கத்தின் இணையத்தளக் குழுவினராகிய நாங்கள் இன்று சொல்லவேண்டியதைச் சொல்லாமல் அமர்ந்துவிட்டால், இவ்வாண்டின் நடுவில் செய்த தவற்றையே மீண்டும் ஒருமுறை செய்தவர்கள் ஆவோம். அத்தவறும் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டதுதான்.

நம் சங்கத்திற்கு ஓர் இணையத்தளம் உண்டு என்பதை அறியாதார் இங்கே சிலர் இருக்கலாம். அறிந்தும் பார்க்காதவர் பலர் என்பதை நாங்கள் அறிவோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நம் இளைஞர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் அதனை அமைத்துத் தந்தார். அவர் வேலை மாறிப் பெங்களூரு சென்றபின், அதில் ஓர் எழுத்தை மாற்றவேண்டுமாயினும் அவரையே தொலைபேசியில் அழைக்கவேண்டியிருந்தது. பொங்கல் விழா அழைப்பு மாசி மாதத்தில் வெளிவந்ததும் உண்டு. இந்நிலையை மாற்றவே, உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் ஒன்றைக் கொண்டு புதிய தளம் அமைப்பதென்று செயற்குழு முடிவு செய்தது.

பெயர் பெரிது, பொருள் எளிது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவர், படம் வைப்பவர் ஒருவர், மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் எனப் பலர் செய்யும் பணியைத் தானே ஒழுங்குபடுத்தித் தருவது இம்மென்பொருள். எழுதுபவர் எழுதினால் போதும். பக்கம் அமைத்தல், தலைப்பு இடுதல், பழையனவற்றைப் பேணுதல் முதலியவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், ஜூம்லா என்பன இவ்வகையின. விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கியும் இவ்வினத்தோடு வைத்து எண்ணத்தக்கதே. கணிப்பொறி என்றதும் அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்லுவோம். இந்நாட்டின் முதல் எண்மக் கணிப்பொறி நிறுவப்பெற்றது 1956ஆம் ஆண்டில், நம் நகரை ஒட்டிய பராநகரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலேதான். எனவே இப்பொருள் கல்கத்தாக்காரருக்கு அயலான பொருள் அன்று.

புதிய மென்பொருள் எதுவும் முழுமை பெற்று வெளிவருவதற்கு முன் சிலர் கையில் சோதனைக்காகத் தரப்படும். அதனைப் ‘பீட்டா’ வெளியீடு என்பர். தமிழில் இதற்கு நல்லதொரு சொல் முன்பே இருக்கின்றது: வெள்ளோட்டம். புதுத்தேர் செய்தாலும், பழைய தேருக்குப் புதுச் சக்கரம் பூட்டினாலும், திருவிழாவுக்கு முன்னர் உற்சவமூர்த்தியை எழுந்தருளச் செய்யாமல் வெறுந்தேரை வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகின்றதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை பிடிக்கின்றதா என்று நோக்குவார்கள். அன்று வடம் பிடிக்க வருகின்ற எவரும் தேங்காய் பழத்தட்டோடு வருவதில்லை. தேருக்குள் சுவாமி இல்லை என்பது கண்ணால் பார்த்தாலே தெரிகின்றது. மென்பொருளின் வெள்ளோட்டத்தில் அவ்வாறு தெரிவதில்லை. அங்கே வெறுந்தேரும் நிறைதேரும் ஒரே தோற்றத்தில் நிற்கும். எது எது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலன்றி மற்றவர்க்கு விளங்காது.

நாங்கள் அதைச் சொல்லவில்லை. நடந்ததைக் கூறுகின்றோம்.

ஆடி மாதத்தில் புதிய தளத்தின் சோதனைப் பிரதியைத் திறந்தோம். திறந்த செய்தியைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு இட்டோம். காலை வணக்கப் படங்களுக்கும் ஒரு திருமண அழைப்புக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டது. செய்தியும் ஆங்கிலத்தில் இருந்தது: புதிய தளம் பீட்டா நிலையில் உள்ளது, பார்த்துக் கருத்துக் கூறுக என்னும் அளவில் இரண்டே வரி. தளத்தின் மேல்மூலையில் ‘பீட்டா’ என்பதைச் சிறிய ஆங்கில எழுத்து நான்கில் பொறித்திருந்தோம். அவ்வளவே நாங்கள் செய்த அறிவிப்பு. பாட்டாநகரில் நெடுங்காலம் பணிபுரிந்த பெரியவர் ஒருவர், அது செருப்பு விளம்பரமோ என்று பின்னாளில் எங்களை வினவினார். நகைத்தோம். நகைத்த பின்னரே, எங்கள் அறிவிப்பு அவருக்கு அறிவிப்பாகவே தோன்றவில்லை என்பது உறைத்தது.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் அம்மையார் ஒருவர் உளர். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். பெயரைச் சொல்லவேண்டா என்று பணித்திருக்கின்றார். எழுபத்தைந்தைக் கடந்தவர். 1957ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் சென்னை மெயிலில் ஹௌராவில் வந்து இறங்கியவர். நம் குடும்பங்கள் இந்நகருக்கு வந்த வரலாற்றை எழுதித் தருக என்று அவரை வேண்டியவர்களும் நாங்களே. கை நடுங்குவதால் அவரால் தாளில் எழுத இயலாது. பேரன் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுக்க, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, மூன்று வாரம், மாலைதோறும், நேரே தளத்திலேயே எழுதினார். பதினொரு பக்கம் ஆயிற்று.

மகாளய அமாவாசையன்று நாங்கள் சோதனைப் பிரதியைத் துடைத்துவிட்டுப் பழைய தளத்தின் உள்ளடக்கத்தை அதில் ஏற்றினோம். சோதனையின் போக்கு அதுதான். எங்கள் திட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அத்திட்டம் குழுவினர் நால்வர்க்குத் தெரியும். ஐந்தாமவர் ஒருவருக்கும் தெரியாது. பூசைக் காலமாதலால் அம்மையார் பத்து நாள் தளத்தைப் பார்க்கவில்லை. விசயதசமி கழிந்து திறந்தபோது ஒன்றும் இல்லை. தளத்திற்கு இடமளிக்கும் நிறுவனத்தார் ஏழு நாள் காப்புப் பிரதி மட்டுமே வைத்திருப்பார்கள். ஏழு நாளும் கடந்துவிட்டிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் படித்துப் பார்க்க வேண்டி முதல் நான்கு பக்கங்களை அச்செடுத்து வைத்திருந்தாள். அவை பிழைத்தன. மற்ற ஏழு பக்கமும் போயின.

எங்களில் இளையவர் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று, “மாமி, அது பீட்டா தளம்” என்று விளக்கத் தொடங்கினார். அம்மையார் கேட்டார்: “ஹிந்திக்காரா பிள்ளையைக் கூப்பிடுகிற ‘பேட்டா’ன்னுதானே நினைச்சேன். வா மகனே, எழுதுன்னு தளம் கூப்பிடறதாக்கும்னு இருந்தேன்.” சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு மேலும் சொன்னார்: “போனது போகட்டும்டா. போயிடும்னு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணையே தினம் அச்செடுத்து வைக்கச் சொல்லியிருப்பேனே.”

இதற்கு விடை கூற எங்களால் இயலவில்லை. எந்தப் பொறியியல் விளக்கமும் இதற்கு விடை ஆகாது.

பிழைத்த நான்கு பக்கங்களில் ஒன்று, நாங்கள் கற்கவேண்டிய பாடத்தையே கொண்டிருந்தது என்பது வியப்பு. அவர்கள் இந்நகருக்கு வந்த அதே 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நாட்டில் பதின்ம நாணய முறை வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்தது போய், நூறு நயா பைசா ஆயிற்று. லேக் மார்க்கெட்டில் கீரைக்காரியிடம் அவருடைய அன்னையார் வங்காளமும் தெரியாமல் புதுக்கணக்கும் தெரியாமல் திண்டாடியதை அப்பக்கத்தில் எழுதியிருக்கின்றார். அடுக்களைச் சுவரில் மாற்று அட்டவணை ஒன்று ஒட்டியிருந்ததாம். ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25. ஓர் அணாவென்பது சரியாகப் பார்த்தால் 6¼ ஆதலின், இரண்டு அணாச் சரக்கை ஓர் அணா ஓர் அணாவாக இருமுறை வாங்கினாலும், ஒரே முறை வாங்கினாலும் 12 காசுதான். ஆனால் மூன்று அணாச் சரக்கை மும்முறையாக வாங்கினால் ஒரு காசு மிச்சம். அன்னையார் அதனைக் கண்டுபிடித்து வைத்திருந்தாராம். தஞ்சாவூர்க் கணக்கு கடல் கடந்தாலும் தவறாது. கங்கையைக் கடந்தா தவறும்?

அந்நாணய மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். நாடு முழுமைக்கும் ஒரே நாளில் வந்த மாற்றம். எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த காலம். அரசினர் அட்டவணைகளைப் பரப்பியதோடு நிற்கவில்லை. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் ஒருங்கே செல்லுபடியாகும் என்று வைத்தனர். காசின் பெயரிலேயே ‘நயா’, அதாவது ‘புதிய’ என்னும் அடைமொழியைச் சேர்த்தனர். அவ்வடைமொழி ஏழு ஆண்டு நின்று, பழக்கம் வந்தபின் 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீக்கப்பெற்றது. அதற்கும் மேலாக, ஒவ்வொரு காசின் மேலும், இது ரூபாயின் நூற்றில் ஒரு பங்கு, இது பத்தில் ஒரு பங்கு என்று அச்சிட்டிருந்தனர். அறிவிப்பு வேறெங்கோ சுவரொட்டியில் மட்டும் இராமல், கையில் புரளும் பொருளின் மேலேயே இருந்தது. அது இந்தியில் மட்டும் இருந்தமையால் அம்மையாரின் அன்னையார்க்கும் பயன்படவில்லை, கீரைக்காரிக்கும் பயன்படவில்லை என்பது வேறு செய்தி. அலிப்பூரில் உள்ள நாணயச் சாலையில் வார்த்த காசு, அலிப்பூருக்குப் பக்கத்துச் சந்தையிலேயே படிக்கப்படாமல் புரண்டது. நாங்கள் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துப் பொறித்ததற்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை.

இனி, உலகின் பெரிய மென்பொருள்காரர்கள் இக்கடமையை எவ்வாறு ஆற்றினர் என்று தேடிப் படித்தோம். அவற்றுள் சிலவற்றை இங்கே கூறுதல் பயன் தரும்.

ட்ரூப்பல் என்பது 2001ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டவரான டிரீஸ் பாய்டார்ட் வெளியிட்ட மென்பொருள். அதன் எட்டாம் பதிப்பின் முதற் பீட்டா 2014 அக்டோபர் 1 அன்று வந்தது. முழுமையான வெளியீடு வந்தது 2015 நவம்பர் 19 அன்று. ஓராண்டுக்கு மேல் வெள்ளோட்டம். இவ்வெளியீடு யாருக்கு உரியது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டனர். பிழைகளைத் தாமே கண்டு தெரிவிக்க வல்லவர்க்கும், தேவை நேர்ந்தால் தம் சோதனைத் தளத்தை அடித்தளத்திலிருந்து மறுபடியும் கட்ட ஆயத்தமாக இருப்பவர்க்குமே இஃது ஏற்றது என்பது அவ்வறிவிப்பின் கருத்து. ‘மறுபடியும் கட்ட ஆயத்தம்’ என்னும் இச்சொற்களைப் படித்தபோது எங்களுக்கு அம்மையாரின் ஏழு பக்கங்கள் நினைவுக்கு வந்தன. நாங்கள் சொல்லாமல் விட்ட ஒரே வாக்கியம் அது. எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

வேர்ட்பிரஸ்ஸின் கதை இதனினும் நீளமானது. நம் நிலைக்கு நெருக்கமானதும் கூட. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரால் 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இம்மென்பொருள், 2018ஆம் ஆண்டளவில் உலக இணையத்தளங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினைத் தாங்கி நின்றது. அவ்வாண்டில், மக்கள் பழகியிருந்த எழுதுகருவியை எடுத்துவிட்டு, ‘குட்டன்பர்க்’ என்னும் முற்றிலும் புதிய கருவியை அமைக்க முற்பட்டனர். பத்தி, படம், தலைப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டையாக அடுக்குவது அதன் முறை. வலைத்தொழில் அறியாத பூசாரி முதல் பத்திரிகை நிறுவனம் வரை எல்லோருடைய நாள்வேலையையும் தொடுகின்ற மாற்றம் அது.

அவர்கள் செய்தவற்றுள் எங்களைக் கவர்ந்தது ஒன்று. ஓராண்டுக்கு முன்பே அக்கருவியைத் தனிச் சேர்க்கையாக வெளியிட்டு, வேண்டுவோர் பொருத்திப் பார்க்க விட்டனர். அதன்பின் 2018 ஆகஸ்டு 2 அன்று வந்த 4.9.8 பதிப்பில், ஒவ்வொரு தளத்தின் உள்முகப்பிலும் ஓர் அறிவிப்புப் பெட்டியை வைத்தனர். புதிய கருவியை இன்றே சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான். நான் இன்னும் ஆயத்தம் இல்லை, பழைய கருவியே தொடரட்டும் என்பதற்கு மற்றொரு பொத்தான். எழுதுபவர் தினமும் திறக்கின்ற அதே வாயிலில் அறிவிப்பு நின்றது. தேடிப் போகவேண்டியதில்லை. பழைய கருவியை 2021ஆம் ஆண்டு இறுதி வரை பேணுவோம் என்று நவம்பரில் தேதியோடு உறுதி கூறினர். தேதி தந்த உறுதிக்கும், விரைவில் பார்க்கலாம் என்ற உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை, இந்நகரில் வீட்டுக்காரரோடு வழக்காடிய குடித்தனக்காரர் எவரும் அறிவர்.

ஆனால் முடிவில் அவர்களும் சறுக்கினர். முதற் பீட்டா அக்டோபர் 24 அன்று வந்தது. வெளியீட்டு நாள் நவம்பர் 19 என்றனர், பின்னர் நவம்பர் 27 என்றனர், அதுவும் கடந்தது. டிசம்பர் 6 அன்று 5.0 பதிப்பு வெளிவந்தபோது, அந்நாளை உலகம் அறிந்தது இரண்டே நாளுக்கு முன்னர்தான். தேதி தள்ளிப்போனதை நாங்கள் குறைகூற மாட்டோம். அச்சு தாங்காத தேரை நிலையிலேயே நிறுத்துவது அறிவுடைமை. ஆனால் டிசம்பர் மாதம் மேலைநாட்டுக் கடைக்காரர்க்குத் தீபாவளி போன்றது. கடையில் கூட்டம் நெருக்கும் வேளையில், நாளை மறுநாள் கல்லாப்பெட்டியை மாற்றப்போகின்றோம் என்றால் கடைக்காரர் என் செய்வார்? அன்றியும், கண்பார்வை அற்றோரும் விசைப்பலகையை மட்டும் கொண்டு பணிபுரிவோரும் இப்புதுக் கருவியைக் கையாள இயலுமா என்ற வினா அதற்கு முன்பே எழுந்திருந்தது. அதனைக் கவனிக்கும் அணுகல் குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரியான் ரீட்வெல்ட் என்னும் பெண்மணி அவ்வாண்டு அக்டோபரில் பொறுப்பினின்றும் விலகினார். பயன்படுத்துவோருள் எவர்க்கு மாற்றம் மிகக் கடினமோ அவர்க்கே செய்தி முதலில் செல்லவேண்டும். பெரும்பாலும் அவர்க்கே அது கடைசியில் செல்கின்றது. எங்கள் குழுவிலும் அதுவே நடந்தது.

விக்கிப்பீடியாவில் நடந்ததையும் சுருங்கக் கூறுவோம். 2003ஆம் ஆண்டு தொடங்கித் தமிழிலும் வளர்ந்துவரும் அக்கலைக்களஞ்சியத்தை எழுதுவோர் அனைவரும் ஊதியம் பெறாத தன்னார்வலர். குறியீடுகள் நிறைந்த பழைய எழுதுமுறை புதியவர்க்குக் கடினம் என்று கருதிய விக்கிமீடியா நிறுவனத்தார், ‘விஷுவல் எடிட்டர்’ என்னும் கருவியை ஆக்கினர். 2012 டிசம்பரில் விரும்பியவர் மட்டும் சோதிக்க ஆங்கில விக்கிப்பீடியாவில் அதனைத் தந்தனர். 2013 ஜூலை 1 முதல் பதிவு செய்த எல்லோருக்கும் அதுவே முதற்கருவியாக எதிர்ப்பட்டது. பிழைகள் மிகுதியாக இருந்தன. பக்கங்களில் வேண்டாத குறிகள் புகுந்தன. அவற்றைத் திருத்தும் சுமை தன்னார்வலர் தலையில் விழுந்தது. இன்னும் பீட்டாவில்தான் இருக்கின்றது என்று நிறுவனத்தார் கூறினர். பீட்டாவாயின் எல்லோர் கையிலும் ஏன் திணிக்கின்றீர் என்று எழுதுவோர் கேட்டனர். செப்டம்பரில் அங்குள்ள நிருவாகிகளே அதனை மீண்டும் விருப்பத் தேர்வாக மாற்றிவிட்டனர். கருவி கெட்டது அன்று. இன்று பலர் அதனை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இடையே விழுந்த இடைவெளிதான் பகையாயிற்று.

அதே ஆண்டில் அவர்கள் தொடங்கிய ஏற்பாடுகள் இரண்டு இன்றும் நடைபெறுகின்றன. நாங்கள் அவ்விரண்டையும் அப்படியே கடன் வாங்கியிருக்கின்றோம். ஒன்று, வாரம் தவறாமல் வரும் ‘டெக் நியூஸ்’ என்னும் சிறு அறிக்கை. எது மாறியது, எது பழுதுற்றது, அடுத்த வாரம் எது மாறும் என்பதைப் பொறியியல் அறியாதார்க்கும் விளங்கும் எளிய நடையில் எழுதி, பல மொழிகளிலும் தன்னார்வலரைக் கொண்டு பெயர்க்கின்றனர். மற்றொன்று, சோதனை நிலையில் உள்ள வசதிகளைத் தனிப் பக்கத்தில் அடுக்கி, விரும்பியவர் மட்டும் குறியிட்டு ஏற்கும் முறை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இஃது யாது என்னும் விளக்கத்திற்கு ஓர் இணைப்பும், குறை சொல்லும் இடத்திற்கு ஓர் இணைப்பும் இருக்கும்.

இவற்றையெல்லாம் படித்தபின், கார்த்திகை முதல் நாள் இரண்டாம் வெள்ளோட்டத்தைத் தொடங்கினோம். இம்முறை தளத்தின் முகப்பில், தமிழில், கொட்டை எழுத்தில் பட்டி ஒன்றை இட்டோம்: இது வெள்ளோட்டம், இங்கே எழுதுவது தை 30 அன்று அழிக்கப்படும், நிலைக்க வேண்டியதற்குப் பிரதி வைத்துக்கொள்க. இட்டுவிட்டுப் பெருமிதத்தோடு அம்மையாரிடம் காட்டச் சென்றோம். அவர் அதைப் பார்த்திருக்கவேயில்லை. பேரன் எழுதும் பக்கத்தையே நேரே கைப்பேசியில் பதிந்து கொடுத்திருந்தமையால், முகப்பு வழியாக அவர் ஒருநாளும் நுழைவதில்லை. கோபுர வாசலில் நாங்கள் கட்டிய பலகை, மடைப்பள்ளி வழியாக வருபவர் கண்ணில் எப்படிப் படும்? அன்றிரவே அப்பட்டியை எழுதும் கட்டத்திற்கு நேர்மேலே மாற்றினோம். எழுதி முடித்ததும் தொட்டால் எழுதியது முழுவதும் அவரவர் மின்னஞ்சலுக்கு வந்துசேரும் பொத்தான் ஒன்றையும் அருகில் வைத்தோம். ‘பிரதி எடுத்துக்கொள்’ என்று அதன் மேல் எழுதியிருக்கின்றது. மின்னஞ்சல் இல்லாதார்க்கு ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் நாங்களே அச்செடுத்துத் தருகின்றோம்.

வார அறிக்கையையும் தொடங்கினோம். ஒரு பக்கம், தமிழ், கூடத்துப் பலகையில் தாளாகவும், வாட்ஸ்அப்பில் ஞாயிறு காலை பத்து மணிக்கும். இதனைப் பற்றிக் குழுவில் கடுமையான வாதம் நிகழ்ந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. தளத்தின் குறைகளை நாமே வாரந்தோறும் பறையறைந்தால் யார் அதில் எழுத வருவார் என்று இருவர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. சிலர் வரவும் இல்லை. இது முழுமையான பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கினர். அவர்கள் ஒதுங்கியது எங்களுக்கு நட்டம் அன்று என்பது எங்களுள் மூவரின் துணிபு. அறிந்து ஒதுங்குபவர் நாளை வருவார். அறியாமல் வந்து இழந்தவர் வருவது அரிது.

ஒரு சான்று கூறுவோம். பழைய கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ‘கொடி’ என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்பதாக முதல் வாரமே குறை சொன்னார். எழுத்துருவின் குற்றம். எங்களால் உடனே திருத்த இயலவில்லை. வார அறிக்கையில் ‘கொம்பு பிரியும் குறை: இன்னும் தீரவில்லை’ என்று எழுதினோம். இரண்டாம் வாரமும் அவ்வாறே எழுதினோம். மூன்றாம் வாரமும் எழுதினோம். நான்காம் வாரம் வேறோர் எழுத்துருவைச் சேர்த்ததும் தீர்ந்தது. தீர்ந்தது என்று எழுதிய ஞாயிறன்று அவர் கூடத்துக்கு வந்து, பலகைக்கு முன் நின்று, நான்கு வாரத் தாளையும் வரிசையாகப் படித்தார். பிறகு எங்களிடம் வேறு மூன்று குறைகளைச் சொன்னார். முன்பு ஆடி மாதத்தில் இதே குறையை இவர் கண்டிருந்தும் எவரிடமும் சொல்லவில்லையாம். சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டாராம்.

அம்மையாரைப் பற்றிக் கேட்பீர்கள். போன ஏழு பக்கங்களுள் ஐந்தினை மீண்டும் எழுதிவிட்டார். முதலில் எழுதியது போல இது அமையவில்லை என்பது அவர் கருத்து. தம் அன்னையார் இந்நகரில் வைத்த முதற் கொலுவைப் பற்றிய பக்கம் அவற்றுள் ஒன்று. ஊரிலிருந்து பொம்மை கொண்டுவர இயலாமையால், கிருஷ்ணநகர்க் களிமண் பொம்மைகளை வாங்கிப் படியில் அடுக்கினார்களாம். மீன்காரி, பாவுல் பாடகன், இலை விற்பவள் எல்லாம் கொலுவேறினர். முதன்முறை எழுதியபோது அப்பொம்மைகளின் விலை, வாங்கித் தந்த வங்காளி அண்டைவீட்டார் பேசிய பேச்சு எல்லாம் கோவையாக வந்தனவாம். இம்முறை விலை நினைவுக்கு வரவில்லை. அதற்கு மாறாக, மீன்காரி பொம்மையைக் கொலுவில் வைக்கலாமா என்று அத்தையார் தொடுத்த வழக்கு நினைவுக்கு வந்திருக்கின்றது. அதையும் எழுதியிருக்கின்றார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எங்களைத் தொலைபேசியில் அழைத்து, “பிரதி வந்துடுத்தா?” என்று கேட்கின்றார். மின்னஞ்சலைப் பார்த்து, வந்தது என்று சொன்ன பின்னரே வைக்கின்றார்.

இனி அறிவிக்கவேண்டியவை சிலவே. வெள்ளோட்டம் தை 30 வரை நடக்கும். மாசி முதல் மூன்று நாள் தளம் மூடியிருக்கும். அந்நாட்களில் எதுவும் எழுதவேண்டா. மாசி 4 அன்று திறக்கும் தளத்தில் எழுதுவது நிலைக்கும். ஏதேனும் காரணத்தால் அத்தேதி மாறுமாயின், தை 15க்குள் அம்மாற்றத்தைச் சொல்லிவிடுவோம். தை 15க்குப் பின் மாற்ற மாட்டோம். பழைய தளம் வைகாசி இறுதி வரை இப்போதுள்ள முகவரியிலேயே இருக்கும். இன்னும் தீராத குறைகள் ஆறு. அவற்றின் பட்டியல் வாயிலருகே உள்ள மேசையில், இவ்வுரையின் அச்சுப் பிரதியோடு வைக்கப்பட்டிருக்கின்றது. ஏழாவது கண்டவர் அதே தாளின் அடியில் எழுதிவிட்டுச் செல்க. பேனா நூலில் கட்டியிருக்கின்றது.

குழந்தைகள் காத்திருக்கின்றனர்.